கழுத்தளவு

அத்தியாயம் 11

சட்டைக் கழுத்தில் தையல்காரம்மா தப்பு விட்டாள் என்று இன்றுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. மற்றதில் ஆயிரம் குறை சொல்லலாம். வாய் நீளம், வீம்பு ஜாஸ்தி, சொன்ன நாளில் துணி தர மாட்டாள். ஆனால் கழுத்து என்றால் கழுத்துதான். டேப்பைச் சுற்றுவாள், உள்ளே இரண்டு விரல் விடுவாள், "ம்" என்பாள். அந்த "ம்" விழுந்துவிட்டால் பெயிண்ட் அடிக்கிறவர் சட்டையும் சரி, பேங்க் மேனேஜர் சட்டையும் சரி, கச்சிதமாக உட்காரும்.

அப்படிப்பட்டவள் இன்றைக்குக் கழுத்தில்தான் சறுக்கினாள். அதுவும் மனுஷக் கழுத்தில் இல்லை.

பட்டு இந்த வீட்டுக்கு வந்த கதை வாராவாரம் வருகிறவர்களுக்கு மனப்பாடம். புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகன் ஓர் ஆஸ்பத்திரி நர்ஸைக் கட்டிக்கொண்டான். மருமகள் ஒரு பெட்டியும் ஒரு நாயுமாக வந்து இறங்கினாள். இடுப்பு ஒரு பிடி, கால் நாலும் குச்சி, முதுகு வில்லாக வளைந்திருந்தது.

"ஏம்மா, இதுக்கு சாப்பாடே போடறதில்லையா?" என்றாள் தையல்காரம்மா.

"இந்த வகையே இப்படித்தான் அத்தை. விப்பெட்னு பேரு. ஓடறதுக்குன்னே பொறந்தது."

தையல்காரம்மாவின் புருஷன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இன்னும் தெருவுக்கே அவர் டிரைவர்தான். வாயில் நுழையாத பேரில் பாதியை வெட்டி எறிந்து, மீதியைப் "பட்டு" ஆக்கியது அவர்.

ஓடப் பிறந்தது ஓடுமா என்று பார்த்தால், சோபாவில் நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நாள் பூராவும் தூங்கியது. குரைப்பது என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. கூரியர்காரன் மணி அடித்தால் தையல்காரம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "ஊர்ல வீட்டுக்கு நாய் காவல். இங்க நாய்க்கு நாம காவல்" என்று டிரைவர் சிரிப்பார்.

யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் அதற்குத் தாங்காது. தையல் மெஷினுக்கு அடியில் போய், பெடலுக்குப் பக்கத்தில் சுருண்டு நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல் அந்த வீட்டில் சண்டையே தணிந்த குரலில் நடக்க ஆரம்பித்தது. கல்யாணம் ஆன நாள் முதலாகக் கத்தியே பேசிப் பழகிய புருஷனும் பெண்டாட்டியும் ரகசியம் பேசுவது போலத் திட்டிக்கொண்டார்கள். பாதியில் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் எங்கே சண்டை போடுவது?

இன்னொரு பழக்கம் உண்டு பட்டுவுக்கு. நிற்கிற ஆளின் காலில் வந்து மொத்த உடம்பையும் சாய்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்சச் சொல்லி நச்சரிக்காது. சும்மா சாயும், அவ்வளவுதான். "நாயா இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட தையல்காரம்மா, குளிர் வந்ததும் யாரும் கேட்காமலே அதற்கு ஒரு கோட்டு தைத்துப் போட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் விஷயம் வேறு. கொஞ்ச நாளாக அவருக்கு மறதி. குழாயை மூடாமல் போனார். ஸ்கூட்டரில் கடைக்குப் போய்விட்டு நடந்து திரும்பி வந்தார். மகன் பயந்துபோய் டாக்டரிடம் நேரம் வாங்கினான். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். "கூடவே இருக்கறவங்க ஒருத்தர் வரணும். எதை மறக்கறார், எதை மறக்கலன்னு அவங்க சொல்றதை வெச்சுதான் நான் முடிவு பண்ணுவேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிரைவர் யோசிக்கவே இல்லை. பெண்டாட்டியைக் கை காட்டினார். "இவளைவிட எனக்கு வேற சாட்சி யாரு?"

அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி இன்றைய கதை.

*

மருமகள் காலையில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வழக்கமான பாடத்தை ஒப்பித்தாள். கயிற்றை விடாதீங்க. எது ஓடினாலும் பட்டு துரத்தும். சாயங்காலத்துக்குள் கோட்டு போடுங்க.

"அப்புறம் அந்த பெல்ட்ட மட்டும் மாத்தாதீங்க அத்தை."

இதைப் போன மாதமே ஒரு தடவை சொன்னாள். பட்டுவின் கழுத்தில் கிடந்தது ஓர் அகல பெல்ட். சாதாரணமாகத் தொளதொளவென்று தொங்கும், கயிற்றை இழுத்தால் தானாக இறுகும். சாயம் போய், ஓரம் பிரிந்து, கரித்துணி மாதிரி இருந்தது. பார்க்கும் போதெல்லாம் தையல்காரம்மாவுக்குக் கை பரபரக்கும். நாலு பேர் பார்க்கிற தெருவில், தையல்காரி வீட்டு நாய் கந்தலைக் கட்டிக்கொண்டு போவதா?

"நான் ஒண்ணு தைக்கறேனே?" என்று கேட்டதற்குத்தான் மருமகள் அப்போது சிரித்துக்கொண்டே, "வேணாம் அத்தை, இதுக்கு அளவு வேற மாதிரி" என்றாள்.

அளவு! யாரிடம் சொல்கிறாள் அளவைப் பற்றி? அந்த ஒரு வார்த்தை தையல்காரம்மாவின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

பேண்டு வாத்தியக் குழுவுக்குக் கோட்டு தைத்ததில் மெரூன் வெல்வெட் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பித்தளை பக்கிள் ஒன்றும் இருந்தது. மருமகள் தலை மறைந்ததும் பட்டுவைக் கூப்பிட்டு மேஜை ஓரத்தில் நிற்க வைத்தாள். டேப்பைச் சுற்றினாள். இரண்டு விரல் விட்டாள். "ம்" என்றாள். பட்டு அவள் இடுப்பில் சாய்ந்துகொண்டு அளவு கொடுத்தது. எந்த வாடிக்கையாளரும் அவ்வளவு பொறுமையாக நின்றதில்லை.

தலையை அவள் அளக்கவில்லை. சட்டைக் கழுத்துக்குப் பட்டன் உண்டு. தலை நுழையுமா நுழையாதா என்ற கவலையே அவள் தொழிலில் கிடையாது. பட்டுவின் தலையோ கழுத்தைவிடச் சின்னது. கூராக, சரிவாக, எதிலிருந்தும் வழுக்கிக்கொண்டு வரும் தலை. மருமகள் சொன்ன "வேற மாதிரி" அதுதான். வாரக்கணக்காகத் தடவிக் கொடுத்த தலை, அவள் கைக்குத் தெரியாதா? தெரியும். வீம்பு அதை மறைத்துவிட்டது.

பழைய பெல்ட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். புதியதைப் போட்டாள். அழகென்றால் அழகு, ராஜா வீட்டு நாய் மாதிரி இருந்தது. "என்னங்க, இன்னிக்கு இதைப் பெரிய தெரு வழியா கூட்டிட்டுப் போங்க" என்று கயிற்றை டிரைவர் கையில் கொடுத்தாள்.

டிரைவர் பெல்ட்டைக் கவனிக்கவில்லை. பெண்டாட்டி மூக்குக் கண்ணாடி மாற்றியதை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தவர் அவர். "வாடா மகாராஜா" என்று பட்டுவைக் கூட்டிக்கொண்டு விசில் அடித்தபடி போனார்.

*

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். விசில் இல்லை. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் கயிறு மட்டும் இருந்தது.

"போயிடுச்சும்மா."

"என்ன போயிடுச்சு?"

"பட்டு. கடைக்காரன் ஷட்டரை டமார்னு தூக்கினான். பயந்து பின்னாடி போச்சு. நான் கயித்த இழுத்தேன். அப்புறம் பார்த்தா கையில வெயிட்டே இல்ல. திரும்பறதுக்குள்ள தெருக் கோடியில நிக்குது. ரெண்டாவது தடவ பார்த்தா அங்கயும் இல்ல. அப்படி ஒரு ஓட்டத்த நான் பார்த்ததே இல்லம்மா."

கயிற்றை வெட்டு மேஜைமேல் போட்டுவிட்டு, மறுபடி வெளியே ஓடினார். ஒற்றைச் செருப்போடு.

தையல்காரம்மா மேஜையைப் பார்த்தாள். கயிற்றின் நுனியில் மெரூன் வெல்வெட். பக்கிள் போட்டது போட்டபடி இருந்தது. வட்டம் முழுசாக இருந்தது, உள்ளே கழுத்துதான் இல்லை.

ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கட்டும். ஆனால் யார் முன்னால்? "பெல்ட்ட மட்டும் மாத்தாதீங்க" என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனவள் முன்னால்! நாயைத் தொலைத்ததோடு, அளவும் தெரியாதவள் என்று பேர் வாங்கிக்கொண்டு, மருமகள் எதிரில் தலையைத் தொங்கப் போட்டு நிற்பதா?

கை தானாகப் போயிற்று. கயிற்றிலிருந்து வெல்வெட் பெல்ட்டைக் கழற்றினாள். ஆணியிலிருந்த பழைய பெல்ட்டை எடுத்துக் கயிற்றுக் கொக்கியில் மாட்டினாள். வெல்வெட்டைப் பட்டன் டப்பாவுக்குள் திணித்து மூடினாள். அதற்கப்புறம்தான் மருமகளுக்குப் போன் போட்டாள்.

சத்தியமாக அந்த நேரத்தில் அவள் புருஷனை நினைக்கவில்லை. தன்னை மறைத்துக்கொள்ள மட்டுமே நினைத்தாள். ஆனால் பழி என்பது தரையில் விழுந்து கிடக்கிற சாமான் இல்லை. ஒருத்தர் உதறினால் இன்னொருத்தர் தலையில்தான் போய் உட்காரும்.

*

மருமகள் யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். வந்ததும் அழவில்லை, கத்தவில்லை. கயிற்றைத்தான் கையில் எடுத்தாள். இழுத்துப் பார்த்தாள். பெல்ட் ஒழுங்காக இறுகியது.

"இது நல்லாத்தானே இருக்கு. இழுத்தா இறுகும். தலைய விட்டுக் கழண்டு வரவே வராதே."

டிரைவர் வாசலில் மூச்சு வாங்க நின்றார். "கழண்டு வந்துச்சும்மா. நான் பார்த்தேனே."

"கழுத்துல மாட்டினீங்களா மாமா? இல்ல, நடுவுல எங்கயாவது கழட்டி விட்டீங்களா? தப்பில்ல, சொல்லுங்க."

"கழுத்துல இருந்துச்சுன்னுதான்..." டிரைவர் நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்தார். "ஆனா அது இந்த பெல்ட் இல்லையே. செவப்பா, மினுமினுன்னு என்னமோ கையில இருந்துச்சே. இல்லம்மா?"

பெண்டாட்டியைப் பார்த்தார். குழாயை மூடினேனா, மாத்திரை போட்டேனா என்று தினமும் கேட்கிற அதே பார்வை. அவள் என்ன சொன்னாலும் அதுதான் அவருக்கு நிஜம்.

மருமகளும் பார்த்தாள்.

"செவப்பா?" என்றாள் தையல்காரம்மா. "நம்ம வீட்ல ஏதுங்க செவப்பு பெல்ட்டு?"

சொல்லிவிட்டாள். சொன்ன வாயைத் தைத்துக்கொள்ள ஊசி நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் என்ன பிரயோஜனம்?

டிரைவர் தலையை மெதுவாக ஆட்டினார். "அப்ப அதுவும் என் மண்டை பண்ற வேலைதான்" என்றார். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அவருக்குப் பத்து வயசு கூடிப்போனது.

மருமகள் அதற்குமேல் கேட்கவில்லை. தேடுகிற வேலையைப் பார்த்தாள். "அத்தை, பேர் சொல்லிக் கத்தாதீங்க. திட்டறோம்னு நினைச்சு இன்னும் தூரமா போயிடும். கண்ணுல பட்டா துரத்தாதீங்க. நம்ம யாராலயும் அதப் பிடிக்க முடியாது. தரையில உட்கார்ந்துடுங்க, அதுவா வரும். நான் மெயின் ரோடு பக்கம் போறேன். அங்க வண்டிங்க..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. "மாமா, நீங்க பின் தெரு பார்க்கறீங்களா?"

"நான் வரல" என்றார் டிரைவர். "நான் வந்தா இன்னொண்ணு தொலையும்."

மருமகள் போன கையோடு மகனிடமிருந்து போன் வந்தது. அவன் வேலையில் இருந்தான். செய்தி அவனுக்குப் போய்விட்டது.

"அம்மா, நாய் கெடைச்சுடும் விடு. நான் அப்பாவ நினைச்சாத்தான் பயப்படறேன். இன்னிக்கு நாய். நாளைக்கு ரோட்ல அவரே வழி தெரியாம நின்னா? வண்டிச் சாவிய வாங்கி வை. டாக்டர் பார்க்கற வரைக்கும் தனியா வெளிய விடாத."

இதோ, இப்போது சொல்லலாம். "டேய், அப்பா மேல தப்பில்லடா" என்றால் போதும். வாய் திறந்தது. "சரிப்பா" என்று வந்தது.

போன் சத்தம் அந்தச் சின்ன வீட்டில் நாற்காலிவரை கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கும்முன்பே டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார்.

"நியாயந்தான். எத்தன வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு கோழிக்குஞ்ச அடிச்சதில்ல. ஒரு நாய கையில பிடிச்சுட்டு நடக்கத் தெரியல பாரு."

அவள் அந்தச் சாவியை வாங்கினாள். நம்புவீர்களா? வாங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பட்டன் டப்பாவைத் திறந்தாள். உள்ளே வெல்வெட் சுருண்டு கிடந்தது. அதன்மேலேயே சாவியைப் போட்டு, படக்கென்று மூடினாள். தன் முகத்தில் தானே துப்பிக்கொள்ள முடிந்தால் அப்போது துப்பியிருப்பாள்.

*

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கத் தெருத் தெருவாக அலைந்தாள் தையல்காரம்மா. பூனை இருக்கிற சந்தெல்லாம் பார்த்தாள். நிறுத்தியிருந்த லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். யாராவது "என்னம்மா தேடறீங்க?" என்று கேட்டால் திருட்டு முழி முழித்தாள்.

வெயில் இறங்கிக் காற்று சில்லென்று வந்தது. கோட்டு இல்லாமல் போயிருக்கிறதே என்று அவளுக்குப் பகீர் என்றது. உடம்பில் ஒரு பிடி கொழுப்பில்லாத பிராணி. வீட்டிலேயே போர்வைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு படுப்பது. சூடும் துணியும் இருந்தால் போதும், உலகமே வேண்டாம் அதற்கு.

சூடும் துணியும்.

பின் தெரு சலவைக் கடைக்கு அவள் நடந்த நடையை ஓட்டம் என்றே சொல்லலாம். கடை வாசலில் சலவைக்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"உங்க வீட்டு ஆளாம்மா? லாட்ஜ் விரிப்பெல்லாம் மெஷின்லேர்ந்து சூடா எடுத்து வண்டியில போட்டேன். திரும்பிப் பார்த்தா உள்ள ஒரு மூக்கு! கடிக்குமோன்னு நான் பயந்தா, அது என்னப் பார்த்து நடுங்குது."

சலவை வண்டியில், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் சாம்பல் நிற மூக்கு ஒன்று தெரிந்தது. தையல்காரம்மா கூப்பிடவில்லை. சோப்புத் தண்ணீர் ஓடிய தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

விரிப்பு அசைந்தது. பட்டு இறங்கி வந்தது. வந்து அவள் தோளில் முழு உடம்பையும் சாய்த்தது. விலா எலும்பு வழியாக இதயம் படபடவென்று அடிப்பது அவளுக்குத் தெரிந்தது. விலாவில் ஒரு கிழிசல் இருந்தது. எந்த வேலிக் கம்பியோ இழுத்திருக்கிறது. வேறு நாயாக இருந்தால் வெறும் கீறலோடு போயிருக்கும். இந்தத் தோலோ மல் துணியைவிட மெல்லிசு. ரத்தம் விரிப்பெல்லாம் தீற்றியிருந்தது.

"என்கிட்டயா வந்து சாயற நீ?" என்றாள் அவள். "நான் யாருன்னு தெரியாம சாயறியேடா." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாய்க்கு நியாயம் பேசத் தெரிந்திருந்தால் அது சலவைக்காரர் காலில் போய்ச் சாய்ந்திருக்கும்.

சலவைக்காரர் போன் போட, மருமகள் வந்தாள். பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காயத்தை அழுத்தினாள். "ஆழம் இல்ல. ஆனா தையல் போடணும்" என்றாள். பட்டுவின் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தவள், சட்டென்று கையை நிறுத்தினாள். ரோமத்திலிருந்து எதையோ கிள்ளி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

மெரூன் நிறத்தில் ஒரு பிசிறு.

"இது வெல்வெட் அத்தை" என்றாள்.

தையல்காரம்மா தரையைப் பார்த்தாள்.

"மாமா செவப்புன்னு சொன்னாரில்ல?"

மருமகள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருக்கலாம். அவள் திட்டவில்லை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த கோட்டால் போர்த்தி, பட்டுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் பட்டுவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க. மாமா தனியா உட்கார்ந்திருக்கார்."

பத்து நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி தையல்காரம்மா வீட்டுக்கு நடந்தாள். அறிமுகமான ஒவ்வொரு வாசலும் அவளைப் பார்த்தது. மகன் பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடியபோது முதுகில் ரெண்டு வைத்து, "மறைக்கறவனுக்கு என் வீட்ல இடமில்ல" என்று சொன்னது அவள்தான். இப்போது எந்த வீட்டுக்குப் போகிறாள்?

*

டிரைவர் அதே நாற்காலியில் இருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"கெடைச்சுடுச்சுங்க. சின்னக் காயம். டாக்டர்கிட்ட போயிருக்கு."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் ஈரம் தெரிந்தது. "தப்பிச்சேன்" என்றார். "எனக்கு அதோட மூஞ்சியில முழிக்கவே..."

"என்னங்க."

பட்டன் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். சாவியை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். வெல்வெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க பார்த்தது நெஜம். செவப்புதான். நான்தான் தைச்சேன். அவ வேணாம்னு சொல்லியும் தைச்சேன். பக்கிளப் பாருங்க, போட்டபடியே இருக்கு. அந்தத் தலைக்கு அது நிக்காது. உங்க கை ஒரு தப்பும் பண்ணல. நீங்க வெளிய ஓடினதும் நான் மாத்தி வெச்சேன்."

டிரைவர் பெல்ட்டை விரலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஷட்டர் சத்தம்?"

"நீங்க சொன்னது அத்தனையும் நெஜம்."

"செவப்புன்னு நான் கேட்டேன். உன்னப் பார்த்துத்தான் கேட்டேன்."

"ஆமா."

"நீ என் மூஞ்சியப் பார்த்து இல்லன்னே."

"ஆமாங்க."

"சாவியக் குடுத்தேன். வாங்கினே."

அவளால் இதற்கு ஆமாம் சொல்லக்கூட முடியவில்லை. தலை மட்டும் அசைந்தது. கத்த மாட்டாரா, கையில் இருப்பதைத் தூக்கி எறிய மாட்டாரா என்று காத்திருந்தாள். பழைய டிரைவராக இருந்தால் தெருக் கோடிவரை கேட்டிருக்கும். மெஷினுக்கு அடியில் நடுங்க இன்றைக்குப் பட்டுகூட இல்லை, தாராளமாகக் கத்தலாம். அவர் கத்தவில்லை. இந்த வீட்டுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

"பையனுக்குப் போன் போடு" என்றார். "நீயே சொல்லு."

போட்டாள். சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். மறுமுனையில் மகன் கடைசிவரை கேட்டான். அப்புறம், "அப்பா சாப்பிட்டாராம்மா?" என்று மட்டும் கேட்டான். அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

*

மருமகள் பட்டுவோடு வந்தபோது தெரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. விலாவில் வெள்ளைக் கட்டு, மேலே தையல்காரம்மா தைத்த கோட்டு. மேஜைமேல் கிடந்த வெல்வெட்டை மருமகள் பார்த்தாள், தாண்டிப் போனாள்.

பட்டு நேராக நாற்காலிக்குப் போய் டிரைவரின் முழங்காலில் சாய்ந்தது. அவர் முதலில் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு கையை எடுத்தார். அந்தச் சின்னத் தலையைத் தடவினார், காதுக்குப் பின்னால், நெற்றியில், மறுபடி காதுக்குப் பின்னால்.

"வெளிய போகணும்கற மாதிரி பார்க்குதும்மா. வாசல் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போகட்டா?"

"போங்க மாமா."

பழைய பெல்ட்டை அவரே எடுத்து மாட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்து, "சரியா இருக்கா?" என்பார். கழுத்துப் பட்டன், கைப் பித்தான், செருப்பு வார், எதுவாக இருந்தாலும் கேட்பார். தையல்காரம்மா பழக்க தோஷத்தில் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"சரியா மாட்டியிருக்கேனா பாரும்மா" என்றார் மருமகளிடம்.

"சரியா இருக்கு மாமா."

வாசல்படியில் நின்றார். திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார், தணிந்த குரலில்தான் பேசினார்.

"அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போகணுமில்ல? நீ லீவு போட்டு வர முடியுமாம்மா? உங்க அத்தை வேணாம். நான் எத மறந்தேன், எத மறக்கலன்னு அவர்கிட்ட சொல்றதுக்கு, நம்பற மாதிரி ஒரு ஆள் வேணும்."

மருமகள் தையல்காரம்மாவைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். மறுபடி தையல்காரம்மாவைப் பார்த்தாள்.

தையல்காரம்மா மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தைக்க எதுவும் எடுக்கவில்லை. வாசலிலிருந்து திரும்பி வந்த பட்டு, எப்போதும் போலப் பெடலுக்குப் பக்கத்தில் வந்து, அவள் காலில் சாயப் பார்த்தது.

அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.